தூண்டல் மருந்துகளின் இதயப் பக்கவிளைவுகள்

தூண்டல் மருந்துகளின் இதயப் பக்கவிளைவுகள் என்பன கவனக்குறைவு மிகைச்செயற்பாட்டுக் குறைபாட்டுக்காக வழங்கப்படும் மெத்தில்ஃபெனிடேட்டு, ஆம்ஃபெட்டமின் ஆகிய இரு குடும்ப மருந்துகள் இதயத்திலும் குருதிக் குழாய்களிலும் தோற்றுவிக்கும் வேண்டாத மாற்றங்கள் ஆகும். இக்குறைபாடு சுருக்கமாக ஏடிஎச்டி என்று வழங்கப்படுகின்றது. இம்மருந்துகளை உட்கொள்வோரில் பெரும்பாலோருக்கு இதயத் துடிப்பு சற்றுக் கூடுவதும் குருதியழுத்தம் சிறிது உயர்வதும் தவிர வேறு மாற்றம் எதுவும் ஏற்படுவதில்லை. எனினும் பிறவியிலேயே இதயக் குறை உள்ளவர்கள், அக்குறையை அறியாமல் வாழ்பவர்கள், மருந்தை மிகையாக அல்லது முறைகேடாகப் பயன்படுத்துவோர் ஆகியோருக்கு இவற்றால் கடுமையான தீங்கு நேரக்கூடும். மருந்து உட்கொண்டிருந்த சில சிறுவர்கள் திடீரென இறந்தமை 2005, 2006 ஆம் ஆண்டுகளில் கனடாவிலும் அமெரிக்காவிலும் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. அதன் பின்னர் இலட்சக்கணக்கானோரை உள்ளடக்கிய ஆய்வுகள் நடத்தப்பட்டு இவ்வச்சம் பெருமளவு தணிந்துள்ளது. ஆயினும் பல ஆண்டுகள் தொடர்ந்து மருந்து உட்கொள்வதன் விளைவு குறித்த கேள்வி இன்றும் முழுமையாகத் தீரவில்லை.

பெயரும் வகைகளும்

தூண்டல் மருந்து என்னும் சொல் நடு நரம்பு மண்டலத்தின் செயற்பாட்டைத் தூண்டும் மருந்துகளைக் குறிக்கும். விளையாட்டுச் செய்திகளில் வரும் ஊக்கமருந்து என்பது இதனினும் பரந்த பொருள் உடையது. ஆம்ஃபெட்டமின் அப்பட்டியலிலும் இடம்பெறுகின்றது எனினும் இரண்டும் ஒன்றல்ல.

ஏடிஎச்டிக்கான தூண்டல் மருந்துகள் இரு வகைப்படும். முதலாவது மெத்தில்ஃபெனிடேட்டு. ரிட்டலின், கான்செர்ட்டா என்பன இதன் வணிகப் பெயர்களுள் சில. இரண்டாவது ஆம்ஃபெட்டமின் குடும்பம். ஆம்ஃபெட்டமின் உப்புகளின் கலவையான அடெரால், உடலுக்குள் சென்ற பின்னரே செயலுறு வடிவம் பெறும் லிஸ்டெக்ஸ்ஆம்ஃபெட்டமின் ஆகியன இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. குறுகிய நேரம் செயற்படும் மாத்திரைகளின் விளைவு மூன்று அல்லது நான்கு மணி நேரமே நீடிக்கும். நெடுநேர வடிவங்கள் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை செயற்படுகின்றன. எந்த நேரத்தில் குருதியழுத்தம் அளக்கப்பட வேண்டும் என்பதை இவ்வேறுபாடே தீர்மானிப்பதால், இது பின்னர் மீண்டும் குறிப்பிடப்படும்.

வரலாறு

இம்மருந்துகள் மனத்தின் மீது செயற்படுபவை என்று அறியப்படுவதற்கு முன்னரே, குருதியழுத்தத்தை உயர்த்துபவை என்று அறியப்பட்டிருந்தன. ஆம்ஃபெட்டமினை 1887 ஆம் ஆண்டில் உருமேனிய வேதியியலாளர் லாசர் எடெலேயானு பெர்லினில் முதன்முதலாகத் தொகுத்தார். அதற்கு ஒரு பயன் இருப்பதாக அப்போது எவரும் கருதவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், ஆஸ்துமாவுக்கும் மூக்கடைப்புக்கும் பயன்பட்ட எஃபெட்ரினுக்கு மாற்றுத் தேடிய அமெரிக்க வேதியியலாளர் கோர்டன் ஆலெசு இதனை மீண்டும் உருவாக்கினார். 1929 சூனில் அவர் 50 மில்லிகிராம் அளவைத் தம் உடலிலேயே ஊசி மூலம் செலுத்திக்கொண்டார். குருதியழுத்தம் உயர்ந்தது, நெஞ்சு படபடத்தது, மூக்கு தெளிந்தது, மனம் களிப்புற்றது, அன்றிரவு தூக்கம் கெட்டது. இக்கட்டுரையின் பொருள் முழுவதும் ஏதோ ஒரு வகையில் அந்த ஓர் ஆய்வில் அடங்கிவிடுகின்றது எனலாம்.

சிறுவர்களுக்கு இம்மருந்து பயன்படத் தொடங்கியது தற்செயலாகவே. அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் நடத்தை, நரம்புக் கோளாறுகள் உள்ள சிறுவர்களுக்கான இல்லம் ஒன்றில் பணியாற்றிய மருத்துவர் சார்லசு பிராட்லி, மூளைப் படம் எடுக்கும் அக்கால முறையினால் சிறுவர்களுக்கு ஏற்பட்ட தலைவலியைத் தணிக்கும் நோக்கில் பென்செட்ரின் என்னும் ஆம்ஃபெட்டமின் மருந்தைக் கொடுத்தார். தலைவலி பெரிதும் குறையவில்லை. ஆனால் சிறுவர்கள் பலர் பாடங்களில் வியப்பூட்டும் ஈடுபாடு காட்டினர். இதனை அவர் 1937 இல் வெளியிட்டார்.

மெத்தில்ஃபெனிடேட்டு 1944 இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் பணியாற்றிய லியாண்ட்ரோ பானிட்சோன் என்பவரால் உருவாக்கப்பட்டது. அவருடைய மனைவி மார்கெரிட் தாழ்ந்த குருதியழுத்தம் உடையவர்; டென்னிசு ஆடச் செல்லுமுன் இம்மருந்தை உட்கொண்டு வந்ததாகக் கூறப்படுகின்றது. அவருடைய செல்லப் பெயரான ரிட்டா என்பதிலிருந்தே ரிட்டலின் என்னும் பெயர் வந்தது. குருதியழுத்தத்தை உயர்த்துவது அவருக்குப் பக்கவிளைவு அன்று; அதுவே விரும்பிய விளைவு.

செயற்படும் விதம்

நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று நேரடியாகத் தொடுவதில்லை. அவற்றிடையேயுள்ள நுண்ணிய இடைவெளியில் நரம்புக் கடத்திகள் எனப்படும் வேதிப்பொருட்கள் வெளிவிடப்பட்டுச் செய்தி கடத்தப்படுகின்றது. செய்தி சென்று சேர்ந்த பின்னர், எஞ்சிய கடத்தியை வெளிவிட்ட கலமே மீண்டும் உறிஞ்சிக்கொள்கின்றது. இந்த மீளுறிஞ்சலைச் செய்யும் புரதங்களை மெத்தில்ஃபெனிடேட்டு அடைத்துவிடுகின்றது. ஆகவே டோப்பமின், நாரட்ரினலின் ஆகிய கடத்திகள் இடைவெளியில் கூடுதல் நேரம் தங்குகின்றன. ஆம்ஃபெட்டமின் இதற்கும் ஒரு படி மேலே செல்கின்றது. அது நரம்பு முனைக்குள் நுழைந்து, அங்குச் சேமித்து வைக்கப்பட்டுள்ள கடத்திகளை வெளியேற்றி, உள்ளிழுக்கும் புரதங்களை எதிர்த்திசையில் இயங்கச் செய்கின்றது. வாயிலை அடைப்பதற்கும் களஞ்சியத்தைத் திறந்துவிடுவதற்கும் உள்ள வேறுபாடு இது.

மூளையின் முன்பகுதியில் இக்கடத்திகள் கூடுவதால் கவனம் நிலைபெறுகின்றது. ஆனால் நாரட்ரினலின் மூளைக்கு மட்டும் உரியதன்று. பரிவு நரம்பு மண்டலத்தின் நரம்புகள் இதயத்தையும் குருதிக் குழாய்களையும் அடைந்து அங்கு வெளிவிடும் கடத்தியும் அதுவே. இதயத்தில் அது பீட்டா ஏற்பிகளைத் தூண்டித் துடிப்பின் வேகத்தையும் சுருங்கும் வலிமையையும் கூட்டுகின்றது. சிறு தமனிகளில் ஆல்ஃபா ஏற்பிகளைத் தூண்டி அவற்றைச் சுருக்குகின்றது. அச்சம், சினம், ஓட்டம் ஆகியவற்றின்போது உடலில் நிகழ்வதும் இதுவே. மருந்தினால் மிக மெல்லிய அளவில், பல மணி நேரத்துக்கு நீட்டி நிகழ்கின்றது. எனவே இதயத்தின் மீதான விளைவு மருந்தின் தரக்குறைவாலோ ஒவ்வாமையாலோ வருவதன்று. கவனத்தைச் சீராக்கும் அதே செயல் உடலின் வேறோர் இடத்தில் காட்டும் முகமே அது. இதனால்தான் இதய விளைவு அறவே இல்லாத தூண்டல் மருந்தை உருவாக்குவது கடினமாக இருந்து வருகின்றது.

வழமையான மாற்றங்கள்

அமெரிக்காவில் இம்மருந்துகளுடன் வழங்கப்படும் குறிப்பேடுகள், குருதியழுத்தம் சராசரியாக 2 முதல் 4 மி.மீ. பாதரச அளவும் இதயத் துடிப்பு நிமிடத்திற்கு 3 முதல் 6 வரையும் உயரலாம் என்று கூறுகின்றன. மாடிப்படி ஏறினால் ஏற்படும் மாற்றத்தோடு ஒப்பிட இது மிகச் சிறிது. நலமுள்ள ஒரு சிறுவன் இதனை உணர்வதும் அரிது.

ஆயினும் சராசரி என்னும் சொல் மயக்கம் தரவல்லது. பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு 1 மி.மீ. வீதமும் ஒருவருக்கு 21 மி.மீ. அளவும் உயர்ந்தாலும் சராசரி 3 மி.மீ. என்றே வரும். அந்த ஒருவரைக் கண்டறிவதற்காகவே ஒவ்வொரு நோயாளிக்கும் அளவீடு தேவைப்படுகின்றது. குறிப்பாக நடுவயதில் முதன்முறையாக ஏடிஎச்டி கண்டறியப்பட்டு மருந்து தொடங்குவோரில் சிலருக்குக் குருதியழுத்தம் ஏற்கனவே எல்லையை ஒட்டி இருக்கும். அவர்களுக்குச் சில மி.மீ. உயர்வும் மிகையழுத்தம் என்னும் நிலைக்குள் தள்ளிவிடப் போதுமானது.

நெஞ்சுப் படபடப்பு பலரும் தெரிவிக்கும் குறையாகும். பெரும்பாலும் இது மருந்து தொடங்கிய நாட்களிலோ அளவு கூட்டப்பட்டபோதோ தோன்றும். காப்பி, தேநீர், ஆற்றல் பானங்கள் ஆகியவற்றிலுள்ள காஃபீன் இதனை மிகுதிப்படுத்தும். மூக்கடைப்புக்காக மருந்துக் கடைகளில் கிடைக்கும் சூடோஎஃபெட்ரின் கலந்த மாத்திரைகளும் அவ்வாறே.

இதயத்துக்கு அப்பால், கை கால் விரல்களின் குருதிக் குழாய்கள் சுருங்குவதும் உண்டு. விரல்கள் குளிர்ந்து வெளிறி, நீலமாகிப் பின் சிவக்கும் ரேனோ நிகழ்வு சிலரிடம் காணப்படுகின்றது. 2013 இல் அமெரிக்க மருந்துக் குறிப்பேடுகளில் இது சேர்க்கப்பட்டது. அளவைக் குறைத்தால் அல்லது மருந்தை நிறுத்தினால் பொதுவாக இது நீங்கிவிடும்.

மறைந்திருக்கும் இதய நோய்கள்

இவ்விடயத்தில் மிகுந்த கவலைக்குரியது படபடப்பு அன்று. எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்து, பரிவு நரம்புத் தூண்டலின்போது மட்டும் வெளிப்படும் பரம்பரை நோய்களே உண்மையான இடர் ஆகும். அவற்றுள் முதன்மையானது இதயத்தசை மிகைவளர்ச்சி நோய். இதில் இதயக் கீழறையின் சுவர் காரணமின்றித் தடித்துவிடுகின்றது. தசை இழைகளின் ஒழுங்கும் சிதைகின்றது. ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிடப்படுகின்றது. விளையாட்டுத் திடலில் இளம் வீரர்கள் சுருண்டு விழுந்து இறக்கும் நிகழ்வுகளுக்கு இது அடிக்கடி காரணமாக அமைகின்றது.

நீள் கியூடி நோய் என்பது இதயத்தின் மின் இயக்கத்தில் உள்ள கோளாறு. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னரும் இதயத்தசை மின்னூட்ட நிலையை மீளப்பெறுவதற்கு இயல்பினும் கூடிய நேரம் எடுக்கின்றது. அந்த இடைவெளியில் நாரட்ரினலின் தூண்டல் வந்து சேர்ந்தால் துடிப்பு ஒழுங்கிழந்து மயக்கமோ இறப்போ நேரலாம். இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் இடையே கூடுதல் மின்பாதை அமைந்துள்ள வுல்ஃப்-பார்க்கின்சன்-வைட் நோய், பிறப்பிலேயே கரோனரி தமனிகள் தவறான இடத்தில் தொடங்கும் குறை ஆகியனவும் இவ்வரிசையில் வைத்து எண்ணப்படுகின்றன.

இவை அனைத்துக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. இந்நோய் உள்ள பிள்ளை ஓடியாடும், பள்ளிக்குச் செல்லும், பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் எந்த ஐயமும் எழாது. சில வேளைகளில் விளையாடும்போது ஒரு முறை மயங்கி விழுந்திருக்கும்; வெயிலின் கொடுமை என்று வீட்டார் அதனை மறந்திருப்பர். மருத்துவர் கேட்டால் ஒழிய அச்செய்தி வெளிவராது.

கனடாவின் தடையும் அமெரிக்காவின் விவாதமும்

2005 பெப்ரவரி 9 அன்று கனடாவின் நலவாழ்வுத் துறை அடெரால் எக்ஸ்ஆர் என்னும் நெடுநேர மருந்தின் விற்பனையை இடைநிறுத்தியது. உலகின் பல பகுதிகளிலிருந்து வந்த அறிக்கைகளில் 20 திடீர் இறப்புகளும் 12 பக்கவாத நிகழ்வுகளும் பதிவாகியிருந்தமை இதற்குக் காரணம். இறந்தோரில் 14 பேர் சிறுவர்கள். கனடாவில் நிகழ்ந்தவை அவற்றுள் ஒன்றும் இல்லை. மருந்தை முறைப்படி உட்கொண்டவர்களிடையே நேர்ந்த இறப்புகள் இவை என்பது அத்துறையைப் பெரிதும் கவலைக்குள்ளாக்கியது.

அதே அறிக்கைகளைப் பார்த்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் வேறு முடிவுக்கு வந்தது. இறந்த சிறுவர்களுள் சிலருக்கு இதய அமைப்பில் குறை இருந்ததையும், அம்மருந்தைப் பயன்படுத்தியோரின் பெரும் எண்ணிக்கையையும் கருத்தில் கொண்டால், மருந்து உட்கொள்ளாத சிறுவர்களிடையே எதிர்பார்க்கக்கூடிய திடீர் இறப்புகளைக் காட்டிலும் இவ்வெண்ணிக்கை மிகுதி என்று கூற முடியாது என அது கருதியது. ஒரே சான்று, இரு அரசுகள், இரு முடிவுகள். வல்லுநர் குழு ஒன்றின் மீளாய்வுக்குப் பின்னர் 2005 ஆகத்தில் கனடா தடையை விலக்கிக்கொண்டது.

விவாதம் அத்துடன் ஓயவில்லை. 2006 பெப்ரவரியில் அமெரிக்க நிருவாகத்தின் மருந்துப் பாதுகாப்பு ஆலோசனைக் குழு கூடியது. இதய இடரை ஆராய்வதற்கு எத்தகைய ஆய்வுகள் தேவை என்று கூறுவதே அதற்கு இடப்பட்ட பணி. குழுவோ அதற்கும் அப்பால் சென்று, இம்மருந்துகளுக்குக் கருப்புக் கட்டமிட்ட எச்சரிக்கை வேண்டும் என்று 8 க்கு 7 என்னும் வாக்குக் கணக்கில் பரிந்துரைத்தது. குழுவில் இடம்பெற்ற இதயநோய் மருத்துவர் ஸ்டீவன் நிசென் எச்சரிக்கையை வலியுறுத்தியோருள் ஒருவர். மருந்து வளர்ந்தோரிடையேயும் விரைந்து பரவி வருவதும், இதயத்தை விரைவுபடுத்தும் பிற மருந்துகளின் தீய வரலாறும் இத்தரப்பாரின் கவலைக்கு அடிப்படையாக இருந்தன.

அடுத்த மாதமே கூடிய குழந்தை மருத்துவ ஆலோசனைக் குழு இதற்கு மாறான நிலையை எடுத்தது. கடும் எச்சரிக்கையைக் கண்டு அஞ்சும் பெற்றோர் பயனுள்ள மருத்துவத்தைக் கைவிட்டுவிடக்கூடும் என்பது அக்குழுவின் கவலை. தெளிவான மொழியில் எழுதப்பட்ட குறிப்பே போதும் என்று அது கூறியது. இறுதியில் இதய அமைப்பில் கடுமையான குறை உள்ளோருக்கு இம்மருந்துகளைப் பொதுவாகத் தவிர்க்க வேண்டும் என்னும் அறிவுறுத்தல் குறிப்பேடுகளில் சேர்க்கப்பட்டது. 2007 இல் நோயாளிகளுக்கான விளக்கத்தாள் கட்டாயமாக்கப்பட்டது.

ஆய்வு முடிவுகள்

இவ்வினாவுக்கு விடை காண்பதில் உள்ள இடையூறு எண்கள் தொடர்பானது. சிறுவர்களிடையே திடீர் இதய இறப்பு ஆண்டொன்றுக்கு இலட்சத்தில் ஒன்று அல்லது சில என்னும் அளவிலேயே நிகழ்கின்றது. ஆயிரம் பேரைக் கொண்ட மருந்துச் சோதனையில் ஒரு நிகழ்வும் வராமலிருக்கலாம். அது மருந்து பாதுகாப்பானது என்பதற்குச் சான்றாகாது. ஆகவே இலட்சக்கணக்கானோரின் மருத்துவப் பதிவுகளை அலசுவதே எஞ்சியிருந்த வழி.

2009 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, காரணம் தெரியாமல் திடீரென இறந்த 7 முதல் 19 வயது வரையிலான 564 பேரை, சாலை விபத்துகளில் இறந்த அதே எண்ணிக்கையினரோடு ஒப்பிட்டது. முதற் குழுவில் 10 பேரும் இரண்டாம் குழுவில் 2 பேரும் தூண்டல் மருந்து உட்கொண்டிருந்தனர். விகிதம் பெரிதாகத் தோன்றினாலும் எண்ணிக்கை மிகச் சிறிது. மேலும், காரணமின்றி இறந்த பிள்ளையின் பெற்றோர் மருந்துகளைப் பற்றி மீண்டும் மீண்டும் நினைத்துப் பார்ப்பர். விபத்தில் இறந்த பிள்ளையின் பெற்றோரிடம் அக்கேள்வியே எழுந்திருக்காது. இக்குறையைச் சுட்டிய அமெரிக்க மருந்து நிருவாகம், இந்த ஆய்வை மட்டும் கொண்டு மருந்தை நிறுத்த வேண்டாம் என்று அறிவுறுத்தியது.

2011 இல் இரு பெரும் ஆய்வுகள் வெளிவந்தன. வில்லியம் கூப்பர் தலைமையிலான முதலாவது ஆய்வு 2 முதல் 24 வயது வரையிலான 12 இலட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்தது. திடீர் இதய இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகிய மூன்றும் சேர்ந்து 81 நிகழ்வுகளே கிடைத்தன. அதாவது ஓராண்டில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ மூன்று. அந்நேரத்தில் மருந்து உட்கொண்டிருந்தோரிடையே இடர் கூடியிருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் இவ்வாய்வின் நம்பிக்கை எல்லை அகலமானது. இடர் ஏறக்குறைய இரு மடங்கு வரை கூடியிருப்பதற்கான வாய்ப்பை அது முற்றிலும் விலக்கவில்லை. ஆய்வாளர்களே இதனை ஒளிவின்றிக் குறிப்பிட்டனர்; செய்தித்தாள்கள் பலவும் இப்பகுதியை விட்டுவிட்டன. இரண்டாவது ஆய்வு 25 முதல் 64 வயது வரையிலான நாலரை இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான வளர்ந்தோரைப் பற்றியது. அதிலும் இடர்க் கூடுதல் காணப்படவில்லை.

ஒவ்வொருவரையும் பிறரோடு அன்றி அவரோடே ஒப்பிடும் முறையில் அமைந்த ஓர் ஆய்வு தென்கொரியாவில் நடைபெற்று 2016 இல் வெளியானது. மெத்தில்ஃபெனிடேட்டு உட்கொண்ட காலத்தில் சிறுவர்களுக்கு இதயத் துடிப்புச் சீரின்மை ஏற்படும் வீதம், உட்கொள்ளாத காலத்தினும் 1.6 மடங்காக இருந்தது. பிறவி இதயக் குறை உள்ளவர்களிடம் இது மூன்று மடங்கையும் தாண்டியது. மறைந்துள்ள நோய் பற்றிய முந்தைய கருத்தோடு இம்முடிவு பொருந்துகின்றது.

இவை அனைத்தும் குறுகிய கால விளைவுகளைப் பற்றியவை. நீண்ட காலம் பற்றிய முதன்மையான சான்று சுவீடனிலிருந்து வந்தது. ஏடிஎச்டி உள்ள 2,78,027 பேரை 14 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்த அவ்வாய்வு 2023 நவம்பரில் வெளியிடப்பட்டது. மருந்து உட்கொண்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் இதயக் குருதிக்குழாய் நோய் ஏற்படும் இடர் சராசரியாக 4 விழுக்காடு கூடுவதாகவும், முதல் மூன்று ஆண்டுகளில் இது ஆண்டுக்கு 8 விழுக்காடாக இருப்பதாகவும் அது கண்டது. மிகையழுத்தமும் தமனி நோய்களுமே கூடியிருந்தன. இதயத் துடிப்புச் சீரின்மையோடு அத்தகைய தெளிவான தொடர்பு காணப்படவில்லை. இவ்விழுக்காடுகள் ஒப்பீட்டு அளவுகள் என்பதை மறக்கலாகாது. இளைஞர் ஒருவரின் அடிப்படை இடர் மிகச் சிறிதாக இருக்கும்போது அதன் நான்கு விழுக்காடு இன்னும் சிறிது. ஆனால் இருபது வயதில் தொடங்கி ஐம்பது வயது வரை மருந்து உட்கொள்ளப்போகும் ஒருவருக்கு இது புறக்கணிக்கத்தக்கதும் அன்று.

தராசின் மறு தட்டையும் நோக்க வேண்டும். ஏடிஎச்டி உள்ளோர் விபத்துகளாலும் போதைப் பழக்கத்தாலும் இளவயதில் இறக்கும் வாய்ப்பு பிறரினும் கூடியது. 2024 இல் வெளியான மற்றொரு சுவீடன் ஆய்வில், குறைபாடு கண்டறியப்பட்ட பின்னர் மருந்து தொடங்கியோரிடையே அடுத்த இரு ஆண்டுகளில் இறப்பு வீதம் தொடங்காதோரைக் காட்டிலும் குறைவாக இருந்தது.

இ.சி.ஜி. தேவையா?

2008 ஏப்பிரலில் அமெரிக்க இதயக் கழகம் வெளியிட்ட அறிக்கை ஒன்று, மருந்து தொடங்கும் முன்னர் சிறுவர்களுக்கு இ.சி.ஜி. எடுப்பது தகும் என்று கூறியது. அதனைக் கட்டாயம் என்று பலரும் பொருள்கொண்டனர். அடுத்த மாதமே அக்கழகமும் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அமைப்பும் இணைந்து, இச்சோதனை பயன் தரலாம், ஆனால் கட்டாயமன்று, அது இல்லாமையால் மருத்துவம் தடைப்படலாகாது என்று விளக்கம் அளிக்க வேண்டியதாயிற்று. குழந்தை மருத்துவ அமைப்பு பின்னர் எல்லாச் சிறுவர்களுக்கும் வழமையாக இ.சி.ஜி. எடுப்பதை ஏற்கவில்லை.

வலியற்ற, செலவு குறைந்த ஒரு சோதனையை மறுப்பது ஏன் என்னும் கேள்வி இயல்பானதே. ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். 10,000 சிறுவர்களுக்கு இச்சோதனை செய்யப்படுவதாகவும், அவர்களுள் 20 பேருக்கு இதயத்தசை நோய் இருப்பதாகவும், சோதனை நலமுள்ளோரில் 5 விழுக்காட்டினரைத் தவறாக நோயாளிகள் என்று காட்டுவதாகவும் கொள்வோம். ஏறத்தாழ 500 நலமான பிள்ளைகள் அச்சத்துடன் மேற்சோதனைகளுக்கு அலைய நேரும். நோயுள்ள 20 பேரிலும் சிலரது இ.சி.ஜி. இயல்பாகத் தோன்றித் தப்பிவிடும். சிறுவர்களின் இ.சி.ஜி.யை வாசிப்பதற்குத் தனிப்பயிற்சி வேண்டும் என்பது இன்னொரு இடர்ப்பாடு. எதிர்த்தரப்பாரோ, அந்த 20 பேரில் ஒருவர் உயிர் காக்கப்பட்டாலும் முயற்சி வீணன்று என்பர். இரு தரப்பும் ஒரே எண்களைக் கொண்டே வாதிடுகின்றன.

பரிசோதனையும் கண்காணிப்பும்

எல்லாத் தரப்பும் உடன்படும் செய்தி, கேள்விகளே முதற் சோதனை என்பதாகும். விளையாடும்போது மயக்கம் வந்ததுண்டா, உழைப்பின்போது நெஞ்சுவலியோ வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்போ உண்டா, காரணமின்றிப் படபடப்பு தோன்றுகின்றதா, நெருங்கிய குருதி உறவினர் எவரேனும் நாற்பது வயதுக்கு முன் திடீரென இறந்தனரா என்பன அவற்றுள் முக்கியமானவை. இதயத்தில் முணுமுணுப்பு ஒலி கேட்டாலோ மேற்கண்ட கேள்விகளுள் ஒன்றுக்கு ஆம் என்று விடை வந்தாலோ, மருந்து தொடங்கும் முன்னர் இதயநோய் மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும் என்று இங்கிலாந்தின் நைசு அமைப்பு 2018 இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகின்றது. இத்தகைய அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இ.சி.ஜி. தேவையில்லை என்பது அதன் நிலைப்பாடு.

மருந்து தொடங்கும் முன்னரும், அளவு மாற்றப்படும் ஒவ்வொரு முறையும், அதன் பின்னர் ஆறு மாதங்களுக்கு ஒரு முறையேனும் குருதியழுத்தமும் துடிப்பும் அளக்கப்பட வேண்டும். ஐரோப்பிய மருந்து முகமையும் 2009 இல் மெத்தில்ஃபெனிடேட்டு குறித்து இதே கால அளவைப் பரிந்துரைத்தது. சிறுவர்களின் இயல்பான குருதியழுத்தம் வயது, உயரம் ஆகியவற்றைப் பொறுத்து மாறுவதால், வளர்ந்தோருக்கான 120/80 என்னும் அளவுகோலை அவர்களுக்குப் பொருத்த முடியாது. அதே வயதினரில் 95 விழுக்காட்டினரைக் காட்டிலும் கூடிய அளவு இரு முறை பதிவானால், அல்லது ஓய்வுநிலைத் துடிப்பு நிமிடத்திற்கு 120 ஐத் தாண்டினால், அளவைக் குறைத்து மேற்சோதனை செய்வது முறையாகும்.

அளவிடும் நேரமும் கவனிக்கத்தக்கது. காலையில் மருந்து உட்கொள்ளாமல் மருத்துவமனைக்கு வரும் சிறுவனின் குருதியழுத்தம் இயல்பாகவே இருக்கும். அந்த அளவீடு மருந்தின் விளைவைப் பற்றி எதனையும் தெரிவிக்காது. மருந்து செயற்பட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் எடுத்த அளவீடே பயனுடையது. எளிய செய்தியெனினும் நடைமுறையில் இது அடிக்கடி தவறவிடப்படுகின்றது.

மருந்து உட்கொள்ளும் ஒருவர் மயங்கி விழுந்தாலோ, உழைப்பின்போது நெஞ்சுவலி கண்டாலோ தாமதமின்றி மருத்துவரை நாட வேண்டும். நலமாக உள்ள ஒருவர் செய்தியைப் படித்து அஞ்சித் தாமாகவே மருந்தை நிறுத்துவது பரிந்துரைக்கப்படுவதில்லை.

தவறான பயன்பாடு

மேலே கூறியவை மருத்துவர் குறித்த அளவுக்கே பொருந்தும். தேர்வுக் காலத்தில் விழித்திருப்பதற்காக நண்பரின் மாத்திரையை வாங்கி விழுங்குவதும், மாத்திரையைப் பொடித்து மூக்கில் உறிஞ்சுவதும் வேறு வகை இடர்கள். பல மணி நேரத்தில் மெல்லக் கலக்க வேண்டிய மருந்து சில நிமிடங்களில் குருதியை அடைந்துவிடுகின்றது. மிகையளவில் குருதியழுத்தம் கடுமையாக உயர்தல், கரோனரி தமனிச் சுருக்கம், மாரடைப்பு, மூளைக் குருதிப்பெருக்கு ஆகியன பதிவாகியுள்ளன. நண்பரின் இதயம் மருத்துவரால் சோதிக்கப்பட்டது. வாங்கி விழுங்குபவரின் இதயம் சோதிக்கப்படவில்லை என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. முறைகேடான பயன்பாடு பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கையை எல்லாத் தூண்டல் மருந்துகளுக்கும் ஒரே வடிவில் புதுப்பிக்குமாறு 2023 இல் அமெரிக்க நிருவாகம் பணித்தது.

மோனோஅமைன் ஆக்சிடேசு தடுப்பிகள் எனப்படும் பழைய வகை மனச்சோர்வு மருந்துகளோடு தூண்டல் மருந்துகளைச் சேர்த்து வழங்கலாகாது. அம்மருந்துகள் நாரட்ரினலினைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பதால், இரண்டும் சேரும்போது குருதியழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவுக்கு உயரக்கூடும். ஒன்றை நிறுத்திய பின்னர் மற்றொன்றைத் தொடங்குவதற்கு 14 நாட்கள் இடைவெளி தேவை.

மாற்று மருந்துகள்

தூண்டல் மருந்து அல்லாதவை இதயத்துக்குத் தீங்கற்றவை என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. இது சரியன்று. முன்னர் ஏடிஎச்டிக்குப் பயன்பட்ட டெசிப்பிரமின் என்னும் மருந்தை உட்கொண்ட சில சிறுவர்கள் திடீரென இறந்தமை 1990 களின் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. அதன் பின்னர் சிறுவர்களிடையே அம்மருந்தின் பயன்பாடு வெகுவாகக் குறைந்தது. 2002 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அட்டோமாக்சிட்டின் தூண்டல் மருந்தன்று. ஆயினும் நாரட்ரினலின் மீளுறிஞ்சலைத் தடுப்பதால் துடிப்பையும் குருதியழுத்தத்தையும் அதுவும் உயர்த்துகின்றது. கல்லீரலிலுள்ள ஒரு நொதி சிலரிடம் பிறப்பிலேயே செயல் குன்றியிருக்கும். அவர்களது குருதியில் இம்மருந்து மிகுதியாகச் சேர்வதால் விளைவும் கூடுகின்றது.

குளோனிடின், குவான்ஃபசின் ஆகிய இரண்டும் இதற்கு எதிர்த்திசையில் செயற்படுபவை. முதலில் மிகையழுத்தத்துக்கான மருந்துகளாக வந்த இவை குருதியழுத்தத்தைத் தாழ்த்தித் துடிப்பை மெதுவாக்குகின்றன; தூக்கக் கலக்கமும் எழும்போது தலைசுற்றலும் ஏற்படலாம். இவற்றைத் திடீரென நிறுத்தினால் அடங்கியிருந்த பரிவு நரம்புகள் மீண்டெழுந்து குருதியழுத்தம் முன்பிருந்ததினும் உயர்ந்துவிடக்கூடும் என்பதால், பல நாட்களில் அளவைப் படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும்.